இரண்டு மீட்டர் வீடு

ஆவடிப் பக்கம் எந்த மேம்பாலத்தில் ஏறினாலும், உச்சிக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியின் இன்ஜினை அணைத்துவிடுவார். இறக்கம் முழுவதும் சத்தமில்லாமல் உருண்டு போவோம். பின்னால் வரும் லாரிக்காரர் விடாமல் ஹார்ன் அடிப்பார். ஷேர் ஆட்டோவிலிருந்து யாராவது தலையை நீட்டி, "இன்னா அண்ணாத்தே, வண்டி நின்னுபோச்சா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். நான் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பின்சீட்டில் யாரோ மாதிரி உட்கார்ந்திருப்பேன். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோது அவருக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. விட்டுவிடுங்கள், பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆவது என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஒரு எறக்கத்துக்கு நாலு சொட்டு மிச்சம்னா வருசத்துக்கு எவ்ளோ ஆவுது பாரு" என்றார். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எவ்வளவு ஆகிறது என்று போட்டுப் பார்த்தேன். அதை அவரிடம் சொல்லி மனதை நோகடிக்க விரும்பவில்லை.

எங்கோ கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால், நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டில் இட்லி ஆறிப்போகும். அவர் செய்தியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். தேர்தல் நேரத்தில் விலையை ஏற்றமாட்டார்கள், முடிந்த மறுநாள் சேர்த்து ஏற்றிவிடுவார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு தேர்தலில் ஓட்டுப் போட்ட கையோடு வண்டிக்கு டேங்க் நிரப்பப் போனார். அங்கே அவரைப் போலவே யோசித்த பாதி ஆவடி வரிசையில் நின்றிருந்தது. ஒரு மணிநேரம் வெயிலில் நின்று நிரப்பிக்கொண்டு வெற்றியோடு வந்தார். மறுநாள் விலை ஏறவில்லை. அதற்கு மறுநாளும் ஏறவில்லை. விலை ஏறாததற்காக ஒரு மனிதர் முகம் வாடி உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் பெட்ரோல் எல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. உயிர் இருந்தது மின்சார மீட்டரில். காலையில் பல் தேய்த்துக்கொண்டே படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டியின் முன்னால் போய் நிற்பார். வாயில் நுரையோடு எண்ணைப் படிப்பார். பிறகு சமையலறை ஜன்னலுக்கு வந்து, "நேத்து இஸ்திரி போட்டியா?" என்பார். போட்டிருப்பேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவள் கசங்கிய சுடிதாரோடா போக முடியும்?

எங்கள் ஊரில் வீட்டுக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. முதல் நூறு யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாக ஏறும். ஐந்நூறு யூனிட் வரைக்கும் ஏதோ சமாளிக்கலாம். அதைத் தாண்டினால்தான் வினை. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்றால் போகட்டும் என்று விடலாம். அதற்கு முன்னால் ஓடிய யூனிட்டுகளுக்கும் சலுகை குறைந்து விலை மாறிவிடும். அதனால் இரண்டாவது மாதக் கடைசியில், ரீடிங் எடுக்கிறவர் வரும் நாள் நெருங்க நெருங்க, தெருவில் பல வீடுகளில் ஒரு பதற்றம் தெரியும். அவர் ஒரு நாள் தாமதமாக வந்தால் என் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றும்.

கடவுள் புண்ணியத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மீட்டர். மாமனார் இருந்த காலத்தில் வாடகைக்கு விடுவதற்காக மாடியில் ஒரு அறை, சின்னதாக ஒரு சமையலறை, குளியலறை கட்டி, தனி இணைப்பு வாங்கியிருந்தார். படிக்கட்டும் வெளியிலேயே. கடைசியாகக் குடியிருந்தவர்கள் பூந்தமல்லிப் பக்கம் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போன பிறகு, என் வீட்டுக்காரர் மாடியை யாருக்கும் விடவில்லை. ஏசி வாங்கி மாடி அறையில் மாட்டினார். அந்த மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது அல்லவா, அதற்கும் முதல் நூறு இலவசம் அல்லவா. நாங்கள் இருவரும் ராத்திரி மேலே போய்ப் படுப்போம். மகன் கோயம்புத்தூரில் விடுதியில் இருந்து படிக்கிறான். மாமியார் கீழ் அறையில். ஏசி என்றாலே அவருக்கு முழங்கால் குடையும்.

கீழ் மீட்டர் ஐந்நூறை நெருங்கும் வாரத்தில் எங்கள் வீட்டில் ஒரு இடப்பெயர்ச்சி நடக்கும். இஸ்திரிப் பெட்டி முதலில் மாடிக்குப் போகும். அடுத்து மிக்ஸி. கடைசியாகக் கிரைண்டர். நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஊறிய அரிசியும் உளுந்தும் தாங்கிய பாத்திரங்களோடு மாமியார் பின்னால் வர, நாங்கள் மாவு அரைக்க மாடியேறுவோம். அந்தக் காட்சியை எதிர் வீட்டு அக்கா முதல் தடவை பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த கோடையில் அவரும் மாடிக்கு ஒரு மீட்டர் வாங்கினார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு வைத்திருப்பவர்களைப் பார்க்க ஆள் வரப்போகிறார்கள். இரண்டு குடும்பம் இருந்தால் சரி. ஒரே குடும்பம் என்றால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார்கள். யார் சொன்னது, எப்போது வருவார்கள் என்பதற்கெல்லாம் பதில் இல்லை. தனி வாசல் வேண்டும் என்றார் ஒருவர். தனி அடுப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள் என்றார் இன்னொருவர்.

என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவருடைய உலகத்தில் இதைவிடப் பெரிய இடி விழுந்ததில்லை.

"ஏசியை விட்டுடலாமே" என்றேன்.

"ஏசி மட்டுமா? எல்லாம் ஒரே மீட்டர்ல ஏறும். நீ இஸ்திரி போட முடியாது. மாவு அரைக்க முடியாது. ரெண்டு குடும்பமா ஆயிட வேண்டிதான்."

"மாடியை வாடகைக்கு விடுங்க."

"அப்ப ஏசி?"

அந்த ஏசியைக் கழற்றிக் கீழே மாட்டலாம் என்று சொன்னால் மறுபடி கீழ் மீட்டர். பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. அதுவரை பேசாமல் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மாமியார், "நான் போறேன்" என்றார். "ஒரு அடுப்ப வெச்சிக் குடு. மேல தனியா பொங்கித் துன்றேன். வந்தவன் பாத்துட்டுப் போற வரைக்கும் தான?"

என் வீட்டுக்காரர் தாயின் தியாகத்தில் உருகிப்போனார். நான் உருகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குள் ஒரு துள்ளல். இருபது வருஷமாக அந்தச் சமையலறையில் மாமியாருக்குப் பின்னால் நின்றே பழகியவள் நான். கடுகு டப்பாவைக்கூட என் இஷ்டத்துக்கு இடம் மாற்றியதில்லை. யாரோ ஒரு அதிகாரி புண்ணியத்தில் கொஞ்ச நாள் அந்தச் சமையலறை எனக்கே எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பரணிலிருந்த பழைய அடுப்பைத் துடைத்து மாடிக்கு ஏற்றினோம். எங்களுக்கு ஒரே கேஸ் இணைப்பு, அதில் இரண்டு சிலிண்டர். கீழே வைத்திருந்த மாற்று சிலிண்டர் மேலே போனது. நான்கு பாத்திரம், ஒரு குக்கர், ஒரு பாய். மாமியாரின் தனிக்குடித்தனம் ஒரு மணிநேரத்தில் தயாராகிவிட்டது. அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு ஒரு விஷயம் உறைத்தது. தனிக் குடும்பத்தின் அறையில் நாங்கள் போய்ப் படுக்க முடியாது. அன்று ராத்திரி நாங்கள் இருவரும் கீழே மின்விசிறிக் காற்றில் வேர்த்து வழிந்தபடி படுத்திருந்தோம். எந்த ஏசிக்காக இத்தனை பாடோ, அது மாடியில் அணைந்து கிடந்தது. மாமியார் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கினார்.

அடுத்தது ஒத்திகை. சாயங்காலம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குத் தனியா வந்தேன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"மருமவளோட ஒத்துவரலன்னு சொல்லும்மா."

"எதுல ஒத்துவரல?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு என் முன்னால் பதில் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. சரி, நானே உதவலாம் என்று, "நான் சமைக்கிறது உங்களுக்கு வாய்க்கு வெளங்கலன்னு சொல்லுங்க அத்தே" என்றேன்.

"அது நெசம்தான?" என்றார் பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொய்யா இன்னா சொல்றதுன்னு கேக்கறேன்."

"அப்ப நான் மரியாதை இல்லாம பேசறேன்னு சொல்லுங்க."

"நீ எங்க பேசற? மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு பாத்திரத்த ணங்குன்னு வெப்ப. அதுக்கு இன்னா பேர் சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க மட்டும் என்னவாம்? நான் கொழம்பு வச்சா மூடியைத் தூக்கிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம மூடறீங்களே, அது என்ன?"

"நல்லால்லன்னு சொன்னா நீ அழுவ."

"சொல்லித்தான் பாருங்களேன்!"

"சூப்பர்" என்றார் என் வீட்டுக்காரர். "ரெண்டு பேரும் இப்டியே சொல்லுங்க. நேச்சுரலா கீது."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தோம். அவர் எழுந்து மீட்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல் சில நாட்கள் எனக்குத் திருவிழா. கடுகு டப்பாவை இடம் மாற்றினேன். ராத்திரிப் பாத்திரத்தைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினேன். ஒரு நாள் சமைக்கவே இல்லை, ரொட்டியும் ஜாமும். கேட்பதற்கு ஆள் இல்லை. மாற்று சிலிண்டர் மேலே போய்விட்டதால் கீழே கேஸ் திடீரென்று தீர்ந்து, பதிவு செய்து காத்திருக்க வேண்டியதாயிற்று. சிலிண்டரும் ஒரு சமயம் ஆயிரத்தைத் தாண்டி, பிறகு இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டு இருந்த காலம் அது. நான் கோபத்தில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கி வந்தேன். அது வந்ததும் கீழ் மீட்டர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் பல் தேய்ப்பதையே நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

இரண்டு வாரம் போனது. யாரும் வரவில்லை. எனக்குத் திருவிழா கலைந்து என்னவோபோல் ஆனது. என்ன குறைகிறது என்று எனக்கே முதலில் பிடிபடவில்லை. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னா உன் புருசன் பண்ணான் தெரியுமா இன்னிக்கி?" என்று மாமியார் ஆரம்பிப்பார். நான் என் பங்கைச் சொல்வேன். என் வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே ஆள் அவரைப் பெற்றவர்தான். அலுவலகத்தில் சொன்னால் ஊர் முழுக்கப் போகும். அம்மா வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள். அத்தையிடம் சொன்னால் மட்டும்தான் எனக்கு மேல் ஒரு படி போய் அவரும் திட்டுவார். இப்போது மேம்பாலத்தில் இன்ஜினை அணைத்தால் அதைப் போய் நான் யாரிடம் சொல்வது?

மாடிக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை போனேன். மாமியார் கருவாடு வறுத்துக்கொண்டு, சத்தமாக சீரியல் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கருவாட்டு வாடை ஆகாது என்று இருபது வருஷம் கீழே அவர் அதை வாங்கியதே இல்லை. என்னைப் பார்த்ததும், "வாம்மா" என்றார். சீரியலின் சத்தத்தைக் குறைக்கவில்லை. நான் உள்ளே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தேன்.

தெருவுக்கோ நாங்கள் உண்மையாகவே பிரிந்துவிட்டதாக முடிவு. எதிர் வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசானவங்கள மாடியேத்திட்டியே, கொஞ்சம் அனுசரிச்சிப் போயிருக்கலாம்ல?" என்று கேட்டார். மீட்டருக்காக என்று சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. வெளியில் ஒருத்தரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது என் வீட்டுக்காரரின் கட்டளை. தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். யூனிட்டை மிச்சம் பிடிக்கப் போய் என் பெயர் தெருவில் நாறிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை. நாங்கள் மூவரும் வீட்டில் இருந்தோம். தோளில் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மாமியார் படிக்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"செக் பண்ண வந்துருக்கேம்மா. அடுப்பு எங்க கீது?"

அடுப்பு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், மாமியார் கீரையைப் போட்டுவிட்டு எழுந்தார். "வா நைனா, வா. என் அடுப்பு மேல கீது. நான் தனி. அவ தனி." அவர் கையைப் பிடிக்காத குறையாக மாடிக்கு இழுத்துப் போனார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

"நீயே பாரு. சட்டி பானைலாம் தனி. இவளோட எனக்கு ஒத்துவரல நைனா. ஒரு வா கொழம்பு வெக்கத் தெரியாது. மூஞ்சியத் தூக்கி வெச்சிப்பா." அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் என் பங்குக்கு, "ஆமாங்க, எனக்கும் இவங்களோட முடியல. ரெண்டு குடும்பமா ஆயிட்டோம்" என்றேன். என் வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று, இரண்டு பெண்களுக்கு நடுவில் நசுங்கிய மனிதனின் முகத்தை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். அதை அவர் நன்றாகவே செய்தார்.

வந்தவர் ஒவ்வொருவரையாகப் பார்த்தார். "அம்மா, அதெல்லாம் எனக்கு எதுக்கு? நான் கேஸ் ஏஜென்சிலேர்ந்து வரேன். ட்யூப் சரியா கீதான்னு பாத்துட்டுப் போறதுக்கு வந்தேன்."

அவர் குனிந்து அடுப்பின் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கீழயும் ஒரு அடுப்பு கீதா?"

"இருக்கு" என்றேன்.

"கனெக்‌ஷன் ஒண்ணுதான? அப்ப ரெண்டு சிலிண்டரும் ஒரே ஊட்ல, ஒரே சமையக்கட்டுல தான் வெக்கணும் சார். ரெண்டு குடும்பம்னா ஒரு கனெக்‌ஷன வெச்சி எரிக்கக்கூடாது."

"ஐயோ, ஒரே குடும்பம்தான் சார்!" என் வீட்டுக்காரர் பாய்ந்து உள்ளே வந்தார். "தாயி புள்ள சார். பிரிவோமா? ஒண்ணா ஒக்காந்துதான் சாப்புட்றோம்."

"இப்பதான சார் அந்தம்மா அழுதாங்கோ?"

"அது வந்து… அது கரண்ட் ஆபீசுக்கு சார்."

அந்த மனிதர் எங்களை வெகுநேரம் பார்த்தார். கரண்ட்டுக்கு இரண்டு குடும்பமாகவும் கேஸுக்கு ஒரு குடும்பமாகவும் வாழும் வீட்டை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் சிரிக்காமல் சொன்னார்: "ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. இந்த அடுப்பக் கீழ எறக்கிடுங்க. இல்லாட்டி அம்மா பேர்ல தனியா ஒரு கனெக்‌ஷன் வாங்கிக்குங்க."

எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. ஒரு வழியாக இந்தக் கூத்து முடிந்தது. மீட்டர் போனால் போகட்டும், அத்தை கீழே வந்துவிடுவார். "எறக்கிடறோங்க, இன்னிக்கே எறக்கிடறோம்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"எதுக்கு எறக்கறது?" என்றார் மாமியார்.

அவர் குரலில் அழுகை இல்லை. அடுப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அந்த கேஸ்காரரிடம்தான் பேசினார், எங்களிடம் இல்லை. "நான் கண்ணாலம் கட்டிகினு வந்தப்போ அது என் மாமியார் அடுப்பு நைனா. அந்தம்மா போனதுக்கப்புறம் என் நாத்தனார் வந்து குந்திகினா, அவ அடுப்பு. அவ போய்ச் சேர்றதுக்குள்ள இதோ இவ வந்துட்டா. நாளைக்கி வேலைக்கிப் போற பொண்ணு, அவ சௌகரியத்துக்கு வெச்சிக்கட்டும்னு நான் ஒண்ணும் பேசல. எனக்குன்னு ஒரு அடுப்பு இப்பதான் கெடச்சிது. அத்தப் போயி எறக்கச் சொல்ற."

இருபது வருஷமாக அது அவருடைய சமையலறை, நான்தான் அதில் ஓரமாக நின்று பிழைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ அது என்னுடையது என்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடுகு டப்பாவை நகர்த்த நான் பயந்தேன். அவரும் பயந்திருக்கிறார். அப்படியானால் அந்த டப்பாவை அந்த இடத்தில் வைத்ததுதான் யார்?

புது இணைப்பு மாமியார் பெயரில் வந்தது. என் வீட்டுக்காரருக்கு அதில் வருத்தம் இல்லை, தனி அடுப்புக்குத் தனி கேஸ் என்றால் கரண்ட் ஆபீசுக்கு இன்னும் பலமான சாட்சி என்று மகிழ்ந்துபோனார். எனக்குத்தான் தூக்கம் போனது. கோபமும் வந்தது. அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டுப் போக முடியுமா? எனக்கு ஜுரம் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்த்தவர், மகன் பிறந்தபோது என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடாதவர், இப்போது ஒரு கருவாட்டுச் சட்டிக்காகத் தனியாகப் போய்விட்டார் என்று நினைத்தால் அழுகையாக வந்தது. ஒரு அடுப்பு போதும் அத்தே, கீழேயே அதை உங்கள் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் ஓரமாகவே நிற்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. கரண்ட் ஆபீஸ் ஆள் வந்து, விசாரித்து, இதெல்லாம் செல்லாது, இரண்டு மீட்டரையும் ஒன்றாக்கு என்று சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். மாடியில் ஒரு மீட்டர் இருக்கிற வரைக்கும் அவர் கீழே வரமாட்டார். அது போனால் என் வீட்டுக்காரரே சிக்கனத்துக்காக அத்தையைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்துவிடுவார்.

அந்த ஆள் ஒரு நாள் உண்மையாகவே வந்தார். என் வீட்டுக்காரர் பேக்டரிக்குப் போயிருந்தார். நான் விடுப்பில் இருந்தேன். நடுத்தர வயது, அமைதியான மனிதர். மீட்டர் பெட்டியைப் பார்த்து, கையிலிருந்த போனில் ஏதோ தட்டிவிட்டுக் கேட்டார்: "மேல யாரும்மா இருக்காங்க?"

"என் மாமியார்."

"உங்க குடும்பம்தானா? இல்ல தனியா இருக்காங்களா?"

ஒரு வார்த்தை போதும். ஒரே குடும்பம்தான் சார் என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. பொய்யும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு மாதம் பேசமாட்டார், அது ஒரு பக்கம் நிம்மதிதான். நான் மாடியை அண்ணாந்து பார்த்தேன். மாமியார் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி. அன்றைக்குப் பேசிய பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"தனியா இருக்காங்க சார்" என்றேன். "தனி அடுப்பு. அவங்க பேர்லயே கேஸ் இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒத்திகையில் இல்லாத அழுகை. மூக்கு ஒழுக, தேம்பித் தேம்பி, எதிர் வீட்டு அக்கா கதவைத் திறந்து பார்க்கும்படி அழுதேன்.

அவர் பதறிப்போனார். "அழாதீங்கம்மா. எல்லா வீட்லயும் இருக்கறதுதான். கொஞ்ச நாள் போனா சரியாயிடும்" என்று ஆறுதல் சொன்னார். பிறகு மேலே போய்ப் பார்த்தார். மாமியாரிடம், "ஏம்மா, மருமகளோட இருக்கலாமே?" என்று அவர் கேட்டது எனக்குக் கீழே கேட்டது. குழம்பு சரியில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள் என்று இப்போது வரிசையாக வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அவ நல்ல பொண்ணு தான்" என்றார் மாமியார். "எனக்கு இப்டி புடிச்சிருக்கு."

மீட்டர் இரண்டும் இரண்டாகவே இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் என் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அதற்குள் எதிர் வீட்டு அக்கா வழியாக அவருக்குச் செய்தி போயிருந்தது.

"அழுதியாமே!" என்றார். சந்தோஷத்தில் அவருக்குக் குரல் நடுங்கியது. "அந்த ஆளே ஆடிப்போய்ட்டாராம். இவ்ளோ நல்லா நடிப்பன்னு எனக்குத் தெரியாதும்மா. சாயங்காலம் வரும்போது உனக்கு பிரியாணி வாங்கியாறேன்."

போனை வைத்தேன். மேலேயிருந்து மாமியார் கூப்பிட்டார். "இந்தா, மேல வா. டீ போட்டுகீறேன்."

போனேன். வாசலில் நின்றேன். இதற்கு முன்னால் அந்த அறைக்குள் போக நான் ஒருபோதும் வாசலில் நின்றதில்லை, அது நாங்கள் படுத்துவந்த அறை. "இன்னா அங்கயே நின்னுகினு கீற? வந்து குந்து" என்றார். பாயில் உட்கார்ந்தேன். டீயை ஆற்றிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு தட்டில் முறுக்கு வைத்தார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மகன் போன் பண்ணினானா, அலுவலகத்தில் சம்பளம் ஏறியதா என்றெல்லாம் விசாரித்தார், யார் வீட்டுக்கோ வந்தவளிடம் விசாரிப்பதைப் போல. நானும் பதில் சொன்னேன். அவர் மகன் பெட்ரோலுக்காக மறுபடி இன்ஜினை அணைத்து, ரயில்வே கேட் இறக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் போய் இடித்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு, என்னைவிட மோசமாக அவரைத் திட்டினார். எனக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு மனசு லேசானது.

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். மாமியார் பின்னால் வந்து என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"அத்த வை. என் ஊட்டுக்கு வந்துட்டு நீ இன்னாத்துக்குக் கழுவற?"

கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.